துண்டும் தொகையும்: ஊவாத் தோட்ட ஏடுகள் முதல் கணினிக் காப்பகங்கள் வரை ஆவண மெய்ம்மை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஓர் ஆவணம் எழுதப்பட்ட நாளில் எவ்வாறிருந்ததோ அவ்வாறே இன்றும் இருக்கின்றது என்பதை எவ்வாறு அறிவது? கணினி வலையமைப்பின் வழியே மென்பொருள்களையும் நூல்களையும் வழங்கும் காப்பகங்கள் தோன்றிய பின்னர் இவ்வினாவைத் தொழில்நுட்பவியலாளர் பெரிதும் ஆராய்ந்து வந்துள்ளனர். எனினும் இது கணினியுடன் பிறந்த வினாவன்று. எழுத்துச் சான்றை நம்பி மனித வாழ்வு தீர்மானிக்கப்பட்ட இடங்களிலெல்லாம் இது எழுந்துள்ளது. அத்தகைய இடங்களுள் ஒன்று, பதுளைக்குத் தென்கிழக்கே 2036 மீற்றர் உயர்ந்து நிற்கும் நமுனுகுல மலைத்தொடரும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தேயிலைத் தோட்டங்களுமாகும். அங்கு வாழ்ந்த தொழிலாளரின் கடனும் கூலியும் வதிவும் பிரஜாவுரிமையும் தாளில் எழுதப்பட்ட சில வரிகளையே நம்பி நின்றன. அவ்வரிகளைச் சரிபார்க்கும் அதிகாரம் எவர் கையில் இருந்தது என்பதை முதலில் ஆராய்ந்து, பின்னர் இன்றைய கணினிக் காப்பகங்களில் அதே சிக்கல் எவ்வாறு மீண்டும் தோன்றியுள்ளது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

தமிழ் மரபில் ஆவணச் சரிபார்ப்புக் குறித்து நாம் அறியும் விரிவான சித்திரங்களுள் ஒன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் இடம்பெறும் சுந்தரர் வழக்காகும். அதன் சமயப் பொருளை ஈண்டு விடுத்து, வழக்கு நடந்த முறையை மட்டும் நோக்குவோம். மணப்பந்தலில் தோன்றிய முதியவர், மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்று கூறி ஆளோலை ஒன்றைக் காட்டுகின்றார். சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்து விடுகின்றார். கிழிக்கப்பட்டது படியோலையே, மூலவோலை தம்மிடம் உளது என்கிறார் முதியவர். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கின்றது. வழக்கம், எழுத்து, அயலார் சாட்சி ஆகிய மூவகைச் சான்றுகளில் ஒன்றை நிறுவுதல் வேண்டும் என்பது அச்சபையின் நெறி. மூலவோலை காட்டப்பட்ட பின்னரும் சபையார் அதனை உடனே ஏற்றுவிடவில்லை. ஓலையை எழுதிக் கொடுத்ததாகக் கூறப்படும் பாட்டனாரின் கைச்சாத்துடைய வேறோர் ஓலையைக் காப்பிடத்திலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்பிட்ட பின்னரே தீர்ப்பு வழங்குகின்றனர்.

இங்கு இரண்டு கோட்பாடுகள் புலனாகின்றன. முதலாவது, படி அழிந்தாலும் மூலம் அழியாதவாறு இரண்டும் வெவ்வேறு இடங்களில் இருத்தல் வேண்டும் என்பது. இரண்டாவது, ஓர் ஆவணத்தின் மெய்ம்மையை அதைக் கொணர்ந்தவரின் சொல்லைக் கொண்டு தீர்மானிக்கலாகாது, அவர் கைக்கு எட்டாத வேறோரிடத்தில் காக்கப்பட்ட சான்றோடு ஒப்பிட்டே தீர்மானித்தல் வேண்டும் என்பது. அடிமையோலை பற்றிய வழக்கிலே இவ்வளவு எச்சரிக்கை காட்டப்படுவது கருதத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் கடனோலைக்கு இவ்வெச்சரிக்கை கிட்டவில்லை.

2

கோப்பிக் காலத்தில் தொடங்கி, 1869இல் கோப்பி இலைநோய் பரவிய பின்னர் தேயிலையோடு நிலைபெற்ற பெருந்தோட்ட முறை, தாள்களின் மீது கட்டப்பட்ட ஓர் ஆட்சியாகும். நாள்தோறும் விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் தொழிலாளர் அணிவகுத்து நிற்பர். வேலைக்கு வந்தோரின் பெயர் செக்ரோலில் ஏறும். முழு நாள் வேலைக்கு ஒரு பேர், குறைந்த வேலைக்கு அரைப்பேர் என்பது தோட்டத்து வழக்கு. கூலியைத் தீர்மானித்தது செய்த வேலையன்று, அவ்வேலை ஏட்டில் ஏறிய முறையே என்று கூறுவது மிகையாகாது. கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுவிட்டால், முழுநாள் மலையேறி இறங்கியவருக்கும் அரைநாட் கூலியே கிடைக்கும். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கப்பட்ட இறாத்தல்களும் இவ்வகையினவே. ஏடு தோட்டத்துக்கு உரியது. எழுதியவர் தோட்டத்துச் சம்பளம் பெற்றவர். முறைப்பாட்டை விசாரித்தவரும் தோட்டத் துரையே. தொழிலாளரிடம் அவ்வேட்டின் படி எதுவும் இருக்கவில்லை.

இவ்வமைப்பின் மிகக் கொடிய வடிவம் 'துண்டு' முறையாகும். பெரிய கங்காணி துரையிடம் முற்பணம் பெற்றுத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தார். வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் தொழிலாளரின் பெயரில் கடனாக எழுதப்பட்டன. ஒரு கூட்டம் வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பின், இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டே துண்டு எனப்பட்டது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆட்களை ஏற்றது. அக்கடன் மீண்டும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. துண்டு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறிய ஒவ்வொரு முறையும் அதில் எழுதிய தொகை பெருகுவதற்கு இடமிருந்தது. அது சரியானதா என்று கடன்பட்டவர் அறிவதற்கு வழியே இருக்கவில்லை. பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அச்சீட்டை அவரால் வாசிக்க முடியவில்லை. அதனோடு ஒப்பிடத்தக்க வேறு ஏடு அவரிடம் இல்லை. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் இத்துண்டு முறை ஒழிக்கப்பட்டது. எனினும் வேலையிலிருந்து நீங்குவோருக்கு வழங்கப்பட்ட பற்றுச்சீட்டு, பின்னரும் நெடுங்காலம் ஒரு குடும்பத்தின் நல்வாழ்வையும் அலைவையும் தீர்மானிக்கும் தாளாகவே இருந்து வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிமுகமான தகரச் சீட்டு முறையும் ஈண்டு நோக்கற்பாலது. தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் தொடர் எண்ணும் பொறிக்கப்பட்ட தகர வில்லை ஒவ்வொருவருக்கும் அணிவிக்கப்பட்டது. அவ்வில்லையைக் கண்டு, வழியிலுள்ள முகாம்களும் புகையிரதப் பகுதியினரும் ஆளை அனுப்பிவைத்து, செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதினர். ஒரு முழு மனிதரைச் சில இலக்கங்களால் அடையாளப்படுத்திய முறை இது. எண் ஆளைக் காத்ததா, ஆள் எண்ணுக்கு உடைமையானாரா என்பது வேறு வினா. ஆயினும், பெரியதொன்றைச் சிறிய குறியொன்றால் அடையாளங்கண்டு சரிபார்க்கும் உத்தி நிருவாகத்துக்கு அந்நாளிலேயே பழக்கமாகியிருந்தது என்பது தெளிவு.

3

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு இத்தாள்களின் வரலாறு புதிய கட்டத்தை அடைந்தது. அதற்கு முந்திய ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களை வென்றிருந்தது. அதன் சமூக அடித்தளமாகிய தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோர் இச்சட்டத்தினால் நாடற்றோராயினர். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம், விண்ணப்பிப்போர் தம் தொடர்ச்சியான வதிவை நிறுவ வேண்டும் என விதித்தது. 1946 ஜனவரி 1ஆந் திகதிக்கு முன்னர், மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்திருத்தல் வேண்டும். ஒரு தடவையில் 12 மாதங்களுக்கு மேற்பட்ட வெளிநாட்டு வாசம் அத்தொடர்ச்சியை முறித்துவிடும்.

இவ்வதிவை நிறுவுவதற்குரிய சான்று எங்கே இருந்தது? அது செக்ரோலிலும் தோட்டத்துப் பெயரேட்டிலும் பிறப்புப் பதிவிலும் பற்றுச்சீட்டிலும் இருந்தது. தோட்டங்களில் நிகழ்ந்த பிறப்பு இறப்புக்களை அறிவிக்கும் பொறுப்பும் துரையிடமே விடப்பட்டிருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயரைக் கிளாக்கர் ஒருவர் ஒருவாறும் மற்றவர் வேறொருவாறும் எழுதினர். இராமசாமி ஓரேட்டில் 'ராம்சாமி' ஆயினார். முத்தையா மற்றோரேட்டில் 'முத்தன்' ஆயினார். ஒரே மனிதர் இரு ஏடுகளில் இருவராயினர். வயது மதிப்பாக எழுதப்பட்டது. இவ்வாறு மாற்றார் கையால், மாற்றார் மொழியில், மாற்றார் தேவைக்காக எழுதப்பட்ட ஏடுகளிடையே முரண்பாடு இல்லாதிருத்தல் வேண்டும் என்று அரசு எதிர்பார்த்தது. முரண்பாட்டின் விளைவையோ விண்ணப்பதாரரே சுமந்தனர்.

1951 ஓகஸ்ட் 5ஆந் திகதி விண்ணப்பக் காலம் முடிவடைந்தபோது ஏறத்தாழ 8,24,000 பேருக்காக விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டிருந்தன. விசாரணைகள் முடிவுற்றபோது ஏறத்தாழ 1,34,000 பேரே பிரஜாவுரிமை பெற்றிருந்தனர். 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரென மதிப்பிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமுமே இறுதியில் நாடற்ற நிலைக்கு முடிவு கண்டன. இவ்வளவு பெருந்தொகை நிராகரிப்புக்கு ஆவணக் குறையே முழுக் காரணம் எனக் கொள்வது தவறு. சட்டத்தின் நோக்கமே அரசியல் சார்ந்தது. ஆனால் அந்நோக்கம் நிறைவேறுவதற்குரிய கருவியாக ஆவணக் குறை பயன்பட்டது என்பதை மறுத்தல் இயலாது.

இதற்கிடையே ஏடுகளும் கைமாறின. 1975இல் கொம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் பிராந்தியக் கொம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நமுனுகுலவின் பெயரையே தாங்கிய கொம்பனியும் அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு கைமாற்றத்திலும் எவ்வேடு வந்தது, எவ்வேடு விடுபட்டது என்பதைத் தொழிலாளர் குடும்பங்கள் அறியும் நிலையில் இருக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது, காணாமற்போனோர் எத்தனை பேர் என்பதிலேயே முதல் நாள்களில் ஒன்றுக்கொன்று மிக வேறுபட்ட எண்கள் வெளியாயின. உயிருடன் இருந்தபோது ஏட்டில் சரியாக ஏறாத மக்கள், மடிந்தபோதும் சரியாக எண்ணப்படவில்லை.

4

இனிக் கணினிக் காப்பகங்களுக்கு வருவோம். வலையமைப்பின் வழியே பெறப்படும் ஒரு கோப்பு இடையில் பழுதுற்றதா, எவராலும் திருத்தப்பட்டதா என அறிவதற்குச் சரிபார்ப்புத் தொகை பயன்படுகின்றது. கோப்பு எவ்வளவு பெரிதாயினும், வகுக்கப்பட்ட கணித முறையொன்றினூடாக அதனைச் செலுத்தினால் குறித்த நீளமுள்ள ஒரு தொகை கிடைக்கும். எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையில் அது பதினாறனடி எண்முறையில் 64 குறிகளாக அமையும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் தொகை முற்றிலும் வேறாகிவிடும். கோப்பைப் பெற்றவர் தாமே தொகையைக் கணித்து, வெளியிட்டவர் அறிவித்த தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1992இல் வெளியிடப்பட்ட எம்.டி.5 முறையில், ஒரே தொகையைத் தரும் இருவேறு கோப்புக்களை ஆக்க இயலும் என்பதைச் சீன ஆய்வாளர் வாங் சியாவோயுன் குழுவினர் 2004இல் காட்டினர். எஸ்.எச்.ஏ.-1 முறைக்கும் 2017இல் அதே கதி நேர்ந்தது. ஆகவே கருவியும் காலத்துக்குக் காலம் பழுதாகும். அதனையும் புதுக்குதல் வேண்டும்.

எனினும் கணித வலிமையைவிட முதன்மையானது, அத்தொகை எவ்விடத்தில் வைக்கப்பட்டுள்ளது என்பதே. கோப்பும் தொகையும் ஒரே இயந்திரத்தில் இருப்பின், கோப்பை மாற்றத் துணிந்தவர் தொகையையும் மாற்றிவிடுவார். துண்டை எழுதியவரிடமே கடனேடும் இருந்த நிலைக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை.

2003ஆம் ஆண்டு மார்ச்சில் குனூ மென்பொருள்களை வழங்கிய இயந்திரத்துள் அயலார் புகுந்தனர். அது பல மாதங்கள் கழிந்த பின்னரே கண்டறியப்பட்டது. அப்போது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையினர் தம் இயந்திரத்தில் இருந்ததை நம்பாது, வெளியே நம்பத்தக்கோரிடம் இருந்த தொகைகளோடு ஒப்பிட்டே தம் கோப்புக்களைச் சரிபார்த்தனர். திருவெண்ணெய்நல்லூர்ச் சபை செய்ததும் இதுவே. 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இணையத்தளத்தைக் கைப்பற்றியோர், பதிவிறக்க இணைப்பையே மாற்றித் தீங்கான கோப்பொன்றை வழங்கினர். ஒரே பக்கத்தை மட்டும் நம்பி, கோப்பையும் சான்றையும் அங்கிருந்தே பெறுவதன் இடரை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இவற்றினும் பாடம் நிறைந்தது 2024 மார்ச் 29ஆந் திகதி வெளிப்பட்ட எக்ஸ்.இசட். நிகழ்ச்சியாகும். அம்மென்பொருளின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புக்களில் மறைவாயில் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. வைத்தவர் வெளியாளல்லர், ஈராண்டுக்கு மேலாக உழைத்து நம்பிக்கை பெற்று, வெளியிடும் உரிமையையும் அடைந்தவர். வெளியீட்டுக் கோப்பில் அவருடைய எண்ணியற் கையொப்பம் முறையாகவே இருந்தது. சரிபார்ப்புத் தொகையும் பொருந்திற்று. ஆனால் எல்லோரும் காணத்தக்க மூலநிரற் களஞ்சியத்தில் இல்லாத சில வரிகள், கட்டி வெளியிடப்பட்ட தொகுதியில் இருந்தன. தம் இயந்திரத்தில் உள்நுழைவதற்கு ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாகச் செல்வதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபுராய்ண்ட் என்ற பொறியியலாளர், அதன் காரணத்தைத் தேடிச் சென்றே இதனைக் கண்டறிந்தார். கையொப்பம் 'எவர் கொடுத்தார்' என்பதை மட்டுமே கூறும்; கொடுத்தவர் நேர்மையானவரா என்பதைக் கூறாது. துரையின் கைச்சாத்து உண்மையானது என்பதனால் துண்டில் எழுதிய கடன் உண்மையாகிவிடவில்லை.

இக்குறையைக் களையும் பொருட்டு 2013 முதல் டெபியன் குழுவினர் முனைந்து வரும் 'மீளாக்கத்தக்க கட்டமைப்பு' முறை குறிப்பிடத்தக்கது. ஒரே மூலநிரலை ஒருவரோடொருவர் தொடர்பற்ற பலர் தத்தம் இயந்திரங்களில் கட்டி, அனைவருக்கும் அணுவும் பிசகாத ஒரே விளைவு கிடைக்கின்றதா என ஒப்பிடுவர். நூலகத்துறையில் 1999இல் ஸ்டான்ஃபோர்டில் தோன்றிய லொக்ஸ் முறையும் இவ்வழியினதே. பல நூலகங்கள் ஒரே நூலின் படிகளை வைத்திருந்து, காலந்தோறும் தம்முள் ஒப்பிட்டுப் பழுதுற்றதைத் திருத்திக் கொள்கின்றன. ஓர் அதிகாரியின் முத்திரைக்குப் பதிலாகப் பலரின் ஒப்பீட்டைச் சான்றாகக் கொள்ளும் இவ்வடிவம் சனநாயகத் தன்மை வாய்ந்ததாகும்.

5

தமிழ் ஆவணங்களுக்கு இம்முறைகளைப் பயன்படுத்துங்கால் தனிச்சிக்கல்கள் சில எழுகின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களை முதலில் டிஸ்கி போன்ற குறியேற்றத்திலும் பின்னர் ஒருங்குறியிலும் வழங்கிற்று. குறியேற்றம் மாறியபோது நூலின் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆனால் கோப்பின் ஒவ்வொரு எண்ணும் மாறிற்று. எனவே பழைய தொகை புதிய கோப்புக்குப் பொருந்தாது. ஒருங்குறிக்குள்ளேயே 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலும் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினித் தொகைக்கோ அவை வெவ்வேறு. கிளாக்கர் கையில் ஒரு பெயர் இரண்டானது போன்ற நிலை இங்கும் உண்டு. ஆகவே குறியேற்றத்தை ஒருசீராக்கிய பின்னரே தொகை கணிக்கப்படல் வேண்டும். மாற்றம் நிகழும் ஒவ்வொரு முறையும் பழைய கோப்பையும் அதன் தொகையையும் அழியாது வைத்தல் வேண்டும்.

மற்றொன்று, சரிபார்ப்புத் தொகை கோப்பின் மாறாமையை உறுதிப்படுத்துமேயன்றி அதன் உண்மையை உறுதிப்படுத்தாது. 2013இல் ஜேர்மனிய ஆய்வாளர் டேவிட் கிரீசல், சிலவகை ஸெரொக்ஸ் வருடிகள் தாளிலுள்ள 6 என்னும் இலக்கத்தை 8 என மாற்றிப் பதிவதை எடுத்துக்காட்டினார். படத்தைச் சுருக்கும் முறை, ஒத்த வடிவங்களை ஒன்றாகக் கொண்டதே காரணம். அவ்வாறு தவறாக வருடப்பட்ட கூலியேட்டின் தொகை என்றும் சரியாகவே பொருந்தும். தவறு மட்டும் நிலைபெற்றுவிடும். இவ்வாறே, 1935இல் முழுநாளுக்கு அரைப்பேர் எழுதப்பட்டிருப்பின், அவ்வநீதியையும் கணினி அணுவளவும் மாறாது காக்கும். ஆதலின் தோட்டத்து ஏட்டோடு தொழிற்சங்கக் கடிதங்களையும் கோயிற் கணக்குகளையும் வாய்மொழிச் சான்றுகளையும் சேர்த்துக் காப்பாற்றினாலன்றி, கோப்பின் மெய்ம்மை வரலாற்றின் மெய்ம்மையாகாது.

6

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றுள் அடங்கும். 2005இல் தொடங்கிய நூலகம் இணையக் காப்பகம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைப் பல்லாயிரக்கணக்கில் எண்ணியமாக்கி வருவது, அவ்வழிவுக்குத் தமிழ்ச் சமூகம் அளித்த மறுமொழிகளுள் ஒன்று எனலாம். மலையக ஆவணங்களும் இம்முயற்சிகளில் இடம்பெற்று வருகின்றன. இப்பணி விரிவடையும் இந்நாளில், ஊவாவின் வரலாறு தரும் பாடங்களைத் தொகுத்துக் கூறுதல் பயனுடைத்து.

ஆவணம் எண்ணியமாக்கப்படும் இடத்திலேயே, அது கைமாறுவதற்கு முன்னர், அதன் தொகை கணிக்கப்படல் வேண்டும். எவ்வேடு, எத்தனை பக்கம், எப்பக்கம் இல்லை, எந்நாளில் படமெடுக்கப்பட்டது என்பன உடன் எழுதப்படல் வேண்டும். தொகை, கோப்பு இருக்கும் இடத்தில் மட்டும் இருத்தலாகாது. பல்கலைக்கழகம், தொழிற்சங்கம், வாசிகசாலை எனத் தம்முள் சார்பற்ற பலரிடம் இருத்தல் வேண்டும். ஏட்டில் பெயர் உள்ள குடும்பத்தினருக்கும் அது தாளில் அச்சிட்டு வழங்கப்படல் வேண்டும். 64 குறிகள் ஓர் அஞ்சலட்டையில் அடங்கிவிடும். பிறப்புச் சான்றிதழோடு பெட்டியில் வைக்கப்படும் அவ்வட்டையைப் பெற்றவர் கணிதம் அறியாதவராயினும், நாளை ஒருவர் ஏட்டை மாற்றித் திருத்துவாராயின் அதை வெளிப்படுத்தும் ஆற்றல் அவர் கையில் இருக்கும்.

தொழிலாளரின் ஏடு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பிறர் கையில் இருந்தது. அதனை எழுதியவர், காத்தவர், சரிபார்த்தவர் யாவரும் ஒரே தரப்பினராக இருந்தமையே அதன் அடிப்படைக் குறை. கணினி அக்குறையைத் தானாகவே நீக்கிவிடாது. பெருங் கொம்பனி ஒன்றின் இயந்திரத்தில் எல்லா ஏடுகளும் சேர்ந்து, சரிபார்க்கும் தொகையும் அங்கேயே தங்குமாயின், பழைய துண்டு முறை புதிய வடிவில் தொடரும். சரிபார்க்கும் ஆற்றல் எவரைப் பற்றிய ஆவணமோ அவரிடமும் பகிரப்படுமாயின், சான்று காட்டும் சுமையை மட்டுமே இதுவரை சுமந்து வந்த மக்கள், சான்று கேட்கும் உரிமையையும் பெறுவர். ஆய்வாளர் இவ்வுரிமையைக் காப்பகப் பணியின் பிற்சேர்க்கையாகக் கருதாது, அதன் முதற் கடமையாகக் கொள்ளல் வேண்டும்.